கலிமா சொன்ன அடுத்த வாரம்

ஒரு பெண் கலிமா சொல்லும் நாளில் பள்ளிவாசலே திரண்டு வாழ்த்தும். அடுத்த வாரம் அந்தப் பெண் ஹாஸ்டல் அறையில் தனியாக இருப்பாள். ரமளான் என்றால் ஸஹருக்கு எழுப்பிவிடக்கூட ஆளிருக்காது. என் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

புதிதாக இஸ்லாத்துக்கு வரும் பெண்களுக்குத் தொழுகை சொல்லிக்கொடுக்கிறேன். ஒளுவும் ஃபாத்திஹாவும் பழக்குவதற்கு முன்பே அவளுக்கென்று ஒரு வீட்டைப் பிடித்துவிடுவேன். பத்துப் பேர் ‘எப்ப வேணும்னாலும் வாம்மா’ என்று சொல்வதைவிட, ஒரு குடும்பம் ஜும்ஆ அன்று அவளுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பது மேல். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தவர்களை நபி (ஸல்) மொத்தமாக ஊரார் பொறுப்பில் விட்டுவிடவில்லை. இவருக்கு இவர் என்று சகோதரர்களாக இணைத்தார்கள். பாரசீகரான சல்மானுக்கு (ரலி) அபூதர்தா (ரலி) அப்படித்தான் சகோதரரானார். அந்த வீட்டாரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ‘எதுக்கும்மா வந்தே, லவ்வா?’ என்று அவளைக் கேட்காதீர்கள்.

நம்மவர்கள் ஆர்வத்தில் கெடுப்பது தாய்வீட்டு விஷயத்தில். அம்மா வீட்டுக்குப் போகாதே, பேரை உடனே மாற்று என்பார்கள். பெற்றோர் இணைவைக்க வற்புறுத்தினாலும், அதில் மட்டும் கீழ்ப்படியாமல் மற்றபடி அவர்களோடு நல்லபடியாக வாழச் சொல்கிறது லுக்மான் அத்தியாயத்தின் 15ஆம் வசனம். இஸ்லாத்துக்கு வராத தாய் பார்க்க வந்தபோது, உறவைப் பேணும்படிதான் அஸ்மாவுக்கு (ரலி) நபி (ஸல்) சொன்னார்கள். பேரும் அப்படித்தான். அர்த்தத்தில் தவறில்லாத பேரை மாற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. செல்வியாகவே அவள் ஸஃப்பில் நிற்கலாம். நோன்பு வைத்துக்கொண்டு அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வரும் பெண்ணைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கடினமானது ஜமாஅத் பதிவேடு. நிக்காஹ் என்றால் பெரும்பாலும் மஹல்லா கடிதம் கேட்பார்கள். தலைக்கட்டு வரி கட்டும் குடும்பத்துக்குக் கடிதம் கிடைக்கும். தனியாக வந்தவள் எந்தத் தலைக்கட்டில் சேர்வாள்? அவளையே ஒரு தலைக்கட்டாக எழுதுங்கள் என்று நிர்வாகிகளிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். முஸ்லிமான தகப்பனோ அண்ணனோ இல்லாதவளுக்கு நிக்காஹ்வில் வலியாக, அதாவது பொறுப்பாளராக, நிற்க அவர்கள் தயங்குவதில்லை. சொந்த வீட்டு மருமகளாக்கத்தான் தயக்கம். ‘உங்க வீட்டுப் பையனுக்கு இவளைக் கேட்பீங்களா?’ என்று நான் நேராகவே கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்கிறார்கள். அவர்களை அடுத்த வாரமும் போய்ப் பார்க்கிறேன்.