எந்தப் பக்கம்?

சேலம், நாமக்கல் பக்கம் புது ஆள் ஒருவர் வந்து நின்றால் முதலில் வருவது "எந்த ஊருங்க?" என்ற கேள்வி. ஊரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்ங்க?" பக்கத்தைச் சொன்னால், "யாரு வீடுங்க?" மூன்றாவது கேள்வி முடிவதற்குள் சாதி தெரிந்துவிடும். கேட்டவர் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லியிருக்கவே மாட்டார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் கேட்டிருப்பார். கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

அதனால்தான் நம் சேரிகளிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே போகிறோம். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் அணை, கோடையில் ஏற்காடு. வேன் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு. தனியாளாக, வேலை ஒன்றும் இல்லாமல், தெரியாத ஊரின் தெருக்களில் நடந்து திரிவது நமக்குப் பழக்கமில்லை. சும்மா நடந்தால் யாராவது காரணம் கேட்பார்கள்.

ஒரு கருத்தரங்குக்காக லண்டன் போக வாய்த்தபோது, கூட்டத்துக்கு முந்தைய ஒரு நாள் முழுக்க நம் கையில் இருந்தது. துணைக்கு ஆள் இல்லை. தேம்ஸ் நதியும் மணிக்கூண்டும் எங்கேயும் போய்விடாது என்று, முதலில் சாக் ஃபார்ம் நிலையத்தில் இறங்கி கிங் ஹென்றி சாலைக்கு நடந்தோம். பத்தாம் எண் வீடு. அண்ணல் அம்பேத்கர் 1921-22இல் மாணவராகத் தங்கியிருந்த வீடு. சுவரில் நீல வட்டப் பலகை இருக்கிறது. கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவி, பார்சி நண்பர் நவல் பாத்தேனாவிடம் வாங்கிய கடன், இவற்றை வைத்துக்கொண்டு இங்கே வந்து, 'ரூபாயின் பிரச்சினை' ஆய்வுக்கு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. வாங்கியவர் அவர். 2015இல் மகாராஷ்டிர அரசு இந்த வீட்டை வாங்கியது. நினைவு இல்லமாக்க உள்ளூர் கவுன்சில் அனுமதி மறுத்தது. அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் புகார் வந்தது. 2020இல்தான் பிரிட்டன் அரசு அனுமதி கொடுத்தது. அண்ணலுக்குக் குடியிருப்புத் தெருவில் இடம் கிடைப்பது அங்கேயும் லேசில் நடக்கவில்லை!

பக்கத்தில் பிரிம்ரோஸ் குன்று. ஏறினால் நகரமே கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாய் கூட்டி வந்தவர்கள், காதலர்கள், பள்ளிப் பிள்ளைகள். ஒருவரும் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உட்கார உட்காரத்தான் தெரிந்தது. (மதியம் ஒரு கடையில் காவலர் ஒருவர் அலமாரி அலமாரியாக நம் பின்னாலேயே வந்தார். அது தோல் நிறத்துக்காக. லண்டனைச் சொர்க்கமாக்க நமக்கு விருப்பமில்லை.)

அந்தக் குன்றில் திருச்செங்கோட்டு மலைதான் நினைவுக்கு வந்தது. ஓமலூர் கோகுல்ராஜுக்கு 21 வயது. பொறியியல் முடித்தவர். 2015 ஜூன் 23 அன்று கூடப் படித்த தோழியைப் பார்க்க அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். தோழி ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர். ஒரு கும்பல் வந்து விசாரித்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து பார்வையிட்டார்கள். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அந்த வழக்கில் முக்கியமான சாட்சியம். மலைக்கோயிலுக்குப் போய் வருவது ஒரு பையனின் உயிரை எடுக்கும் செயலாக இருந்த ஊர் நம்முடையது.

அண்ணலுக்கும் இது தெரியும். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற அவருடைய சிறு நூலைப் படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். 1934இல் தோழர்களோடு எல்லோராக் குகைகளைப் பார்க்கப் போகிறார். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை வாசலருகே இருந்த குளத்து நீரில் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் கூடவே வர, கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். லண்டனில் படித்துப் பட்டம் வாங்கி, அங்கே வட்டமேசை மாநாட்டிலும் பேசிவிட்டு வந்த பிறகு நடந்தது இது.

அந்த மாநாடு நடந்த செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1930இல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக வந்த இருவரில் அண்ணலுக்கு வயது 39. இன்னொருவரான நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனுக்கு எழுபதை ஒட்டிய வயது. அந்த வயதில் கப்பலேறி வந்திருக்கிறார்.

ராத்திரி சோற்றுக்கு ஈஸ்ட் ஹாம் போனோம். தமிழ்ப் பெயர்ப் பலகைகள், மல்லிகைப்பூ, பரோட்டா வாசம். பரிமாறியவர் நல்ல மனிதர். கேட்காமலே ரசம் ஊற்றினார். பக்கத்து மேசைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "நாமக்கல்லுங்களா? நமக்கும் அந்தப் பக்கம்தாங்க. நீங்க எந்தப் பக்கம்?"

காலையிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி. நாம் தெருப் பெயரை அப்படியே சொன்னோம். அம்பேத்கர் நகர் என்று. அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. இதையே ஒரு வீட்டு உரிமையாளரோ மேலாளரோ கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே ரயிலேறினோம்.

கற்பனை இல்லை இது. பீகாரிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு வீட்டு வேலைக்கு அழைத்துப் போகப்பட்ட பெர்மிலா திர்கிக்கு மணிக்கு 11 பென்ஸ்தான் கூலி. 2015இல் தீர்ப்பாயம் நிலுவைக் கூலியாக 1,83,000 பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 2018இல் அரசு, சேர்க்கப் போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவியது. திர்கி மாதிரி ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்?

மேற்படிப்புக்கு அங்கே போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. சேரப் போகும் பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று, சேர்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வருகிற பதில் எதுவானாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.