நாலு கதவு ஹெரால்டு

போன வாரம் தம்பி மகன், மலையடிவாரத்தில் ஒரு ஷெட்டில் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் காட்டினான். “1962 மாடல், எல்லாம் ஒரிஜினல், பெரியப்பா.” அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டதாம்.

நான் கதவை எண்ணினேன். நாலு! மெட்ராஸில் 1961இல் வந்த முதல் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நாலு கதவு 1960களின் கடைசியில், மார்க் 3இல் வந்தது. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டுக்கே அது கிடையாது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் பானெட் அசல். சேசிஸ் நம்பர் தகட்டின் ரிவெட் மட்டும் புத்தம் புதுசு. (புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியார் டிக்தேயில் ஒரு அக்சான் விட்டாலும் மார்க் குறைப்பார். அந்தக் கண் இன்னும் போகவில்லை.)

பையன் முகம் வாடிவிட்டது.

“வண்டி நல்லதுதான்டா, விலைதான் 1962” என்றேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனவன் இன்னும் போன் பண்ணவில்லை.