வான்ஸ் மலையூரின் வெள்ளைச் சிற்றாலயம்

பிரான்சு தேசத்தின் தென்கரையிலே, மத்தியதரைக் கடலைத் தழுவி நிற்பது நீஸ் மாநகர். அங்கிருந்து பஸ் வண்டியிலேறி மலைப்பாதையிற் சென்றால் வான்ஸ் என்னும் சிற்றூரை அடையலாம். பழைய மதிலுக்குள் அடங்கிய ஒடுங்கிய தெருக்களும், நீரூற்றுச் சொரியும் முற்றமும், 1538ஆம் ஆண்டில் நடப்பட்டதென ஊரவர் பெருமையோடு கூறும் முதுமரமும் அவ்வூரின் அணிகள். ஊருக்குப் பின்னே செங்குத்தான சுண்ணப் பாறைகள் அரண்போல் எழுந்து நிற்கின்றன.

கடற்காற்றும் மலைக்காற்றும் கலக்கும் இவ்விடம் முற்காலத்திற் சயரோகிகளின் புகலிடமாய் விளங்கிற்று. 1922ஆம் ஆண்டிற் கண்டியிலே தங்கி, பெரஹராவைக் கண்டு கவிதை பாடிய ஆங்கில எழுத்தாளர் டி. எச். லோரன்ஸ், 1930ஆம் ஆண்டில் அந்நோயினால் உயிர் நீத்ததும் இவ்வூரிலேதான். நல்ல காற்று எல்லோரையும் காத்துவிடுவதில்லை. ஆயினும், நோயினின்றும் மீண்ட ஒருவர் தம் உள்ளத்தையும் மீட்டெடுத்த வரலாறு இங்கே கல்லிலும் கண்ணாடியிலும் நிலைத்திருக்கிறது. அதனைக் காணவே அங்குச் சென்றேன்.

அவர் ஓவியர் ஆன்ரி மத்தீஸ். 1869ஆம் ஆண்டின் இறுதி நாளிற் பிறந்த அவரை ஓவியராக்கியதே ஒரு நோய் எனலாம். சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராயிருந்த அவ்விளைஞர், குடல்வால் அழற்சியினாற் படுக்கையிற் கிடந்தார். பொழுது போகட்டுமென்று அன்னை வாங்கிக் கொடுத்த வர்ணப் பெட்டி அவர் வாழ்வையே திருப்பிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கடந்தபின், 1941ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், வயிற்றிற் புற்றுநோய் கண்டு லியோன் நகரிலே சத்திர சிகிச்சை பெற்றார். தம் பணியை முடிக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளேனும் வேண்டுமென்று வைத்தியர்களிடம் வேண்டினாராம். பதின்மூன்று ஆண்டுகள் கிடைத்தன. பணிவிடை செய்த கன்னியர் அவரை உயிர்த்தெழுந்தவர் என்றே அழைத்தனர்.

உயிர் மீண்டது; பழைய வலிமை மீளவில்லை. நெடுநேரம் நின்று தீட்டுதல் இயலாதாயிற்று. படுக்கையும் சக்கர நாற்காலியுமே உலகமாயின. நித்திரையற்ற இரவுகள் நீண்டன. போர் நெருங்கவே, 1943ஆம் ஆண்டில் வான்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டில் அவர் மனைவியும் மகளும் ஜெர்மானிய இரகசியப் பொலிசாராற் கைது செய்யப்பட்டனர். இத்தனை துயருக்கும் நடுவில் அவர் கையில் எடுத்த கருவி என்ன? கத்தரிக்கோல்! உதவியாளர் வர்ணம் பூசிக் கொடுத்த தாள்களைப் படுக்கையில் இருந்தவாறே வெட்டினார். இலை, பறவை, கடற்பாசி, கூத்தாடி எனப் புதிய உருவங்கள் பிறந்தன. அவற்றுட் பல 1947ஆம் ஆண்டில் 'ஜாஸ்' என்னும் நூலாய் வெளிவந்தன. இயலாமை ஒரு வழியை அடைத்தது. அவருடைய கைகள் வேறொரு வழியைத் திறந்தன.

1942ஆம் ஆண்டில் அவருக்கு இரவுத் தாதியாயிருந்தவர் மொனிக் பூர்ஜுவா என்னும் இளம்பெண். அவரும் பின்னர் சயரோகத்தால் வருந்தி, வான்ஸிலே இளைப்பாறியவர். துறவு பூண்டு சகோதரி ஜாக்-மரி என்னும் பெயரோடு அவ்வூருக்குத் திரும்பியபோது, கன்னியருக்கு வழிபடத் தக்க ஆலயம் இருக்கவில்லை. கண்ணாடி யன்னலுக்கென அவர் வரைந்த சிறு மாதிரியை மத்தீஸிடம் காட்டினார். அச்சிறு பொறியே பெருஞ்சுடராயிற்று. எழுபத்தேழு வயதைக் கடந்த நோயாளர் ஓர் ஆலயம் முழுவதையும் தாமே வகுக்கத் துணிந்தார். நீண்ட மூங்கிற் கோலின் நுனியிலே கரிக்கட்டியைக் கட்டி, அறைச் சுவரிலே பேருருவங்களை வரைந்து பழகினார். 1949ஆம் ஆண்டு திசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1951ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாளிலே ஆலயம் அர்ச்சிக்கப்பட்டபோது, உடல்நலங் குன்றிய மத்தீஸ் விழாவுக்கு வர இயலவில்லை.

உள்ளே புகுந்தால் எங்கும் வெண்மை. நம் கோயில்களின் சிற்பச் செறிவுக்குப் பழகிய கண் முதலில் வெறுமையையே காணும். சிறிது நேரம் அமர்ந்திருத்தல் வேண்டும். மாரிகால முற்பகலே இவ்வாலயத்தைக் காண ஏற்ற வேளை என்பது மத்தீஸின் கருத்து. நான் சென்றதும் அவ்வேளையே. மஞ்சள், பச்சை, நீலம் என மூன்றே நிறங்கள் கொண்ட கண்ணாடி யன்னல்களினூடே தாழ்ந்த கதிர் புகுந்து, வெண்தளத்திலே மெல்ல நகர்ந்தது. பீடத்தின் பின்னுள்ள யன்னலில் வறண்ட நிலத்திலும் பூக்கும் கள்ளிச் செடியே வாழ்வின் விருட்சமாய் மலர்ந்துள்ளது. ஆனால் ஒரு சுவரிலே, இயேசுவின் பாடுகளைக் கூறும் பதினான்கு காட்சிகள் கறுப்புக் கோடுகளாற் கரடுமுரடாய்த் தீட்டப்பட்டுள்ளன. அங்கே அழகு இல்லை, வலியே உண்டு. வலியை மறைக்காது அதன் எதிரே ஒளியை வைத்தமையே இவ்வாலயத்தின் உண்மை என்று தோன்றியது.

கலை புற்றுநோயைத் தீர்த்ததென்று எவரும் மயங்கலாகாது; மத்தீஸைக் காத்தது சத்திர வைத்தியம். காக்கப்பட்ட நாட்களுக்குப் பொருள் தந்ததே கலை. கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைபுரிதலை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது.

பெரு நோயினின்றும் மீண்டோர் நம் இல்லங்களிலும் உளர். மருந்தும் கஞ்சியும் வேளை தவறாது கொடுக்கின்றோம். "பேசாமற் படுத்திரும்" என்று அன்போடு தடுக்கின்றோம். வைத்தியர் அனுமதித்த அளவில் அவர்தம் கைக்கு ஒரு வேலையும் கொடுத்தால் என்ன? பனையோலை இழைக்கலாம், பூத்தையல் போடலாம், பழங்கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்கென எழுதி வைக்கலாம். அது சிறந்த கலையாக வேண்டுமென்பதில்லை. நாளை முடிக்க வேண்டியதொன்று தமக்கு உண்டு என்ற எண்ணத்தோடு அவர் கண்ணயர்தலே போதும்.