முழங்கும் முரசும் முழங்காலும்



டிரம் செட் இல்லாத ஆராதனையை இன்று நகரத்துச் சபைகளில் காண்பது அரிது. அது உலகத்துக்குரியது என்று மூத்த விசுவாசிகள் சிலர் வருந்துகிறார்கள். அது இல்லாவிட்டால் வாலிபர் வரமாட்டார்கள் என்று இளையவர்கள் சொல்லுகிறார்கள். இவ்விரு சாராரும் அந்தப் பெரிய பாஸ் டிரம்மின் பழைய சரித்திரத்தைச் சற்று அறிந்துகொண்டால், வேறொரு கேள்வி நமக்குள் எழும்பும்.

பெங்களூருவில் எங்கள் சபையில் டிரம் வாசிக்கும் தம்பி ஒருவர், மிகப் பழைய பாஸ் டிரம் ஒன்றை விலைக்கு வாங்கிவந்தார். அதன் மரக் கூட்டுக்குள் மின்விளக்கு மாட்டும் ஹோல்டர் ஒன்று இருந்தது. மேல் வளையத்தில் எதற்கென்று தெரியாத இரும்புப் பிடி ஒன்று இருந்தது. பக்கத்திலே பித்தளை வளையமிட்ட சிறு துளை ஒன்றும் காணப்பட்டது. "அண்ணா, இவையெல்லாம் வீண்தானே, கழற்றிவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார். வாத்தியங்களைப் பழுதுபார்ப்பதில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. ஆகவே ஒவ்வொன்றும் ஏன் வைக்கப்பட்டது என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

நம் ஊர்களில் பறை அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும். அனல் பட்டால் இறுகும். மேல்நாட்டாரின் பாஸ் டிரம்மிலும் அக்காலத்தில் கன்றின் தோலே போர்த்தப்பட்டிருந்தது. கூட்டுக்குள் எரிந்த விளக்கு அந்தத் தோலை உலர்வாய்க் காத்தது. 1920களிலும் 1930களிலும் முன்புறத் தோலின்மேல் இயற்கைக் காட்சிகளை வரைவது வழக்கமாயிருந்தபடியால், அதே விளக்கு அப்படத்தை உள்ளிருந்து ஒளிரச் செய்தது. 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் பரவியபின் ஈரத்தைக் குறித்த பயம் நீங்கிற்று, விளக்கும் மறைந்தது.

இரும்புப் பிடிக்கும் ஒரு கதை உண்டு. முற்காலத்தில் பெரிய முரசை அடிக்க ஒருவரும் சிறிய முரசை அடிக்க வேறொருவரும் நிற்பது பொதுவான வழக்கம். 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்திலே லுட்விக் சகோதரர்கள் காலால் மிதிக்கும் பெடலைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட பெடல்கள் வந்தபின், ஒரே மனிதன் அமர்ந்தபடியே பல வாத்தியங்களை இயக்குவது எளிதாயிற்று. பாஸ் டிரம்மின் வளையத்தில் பிடி ஒன்றைப் பொருத்தி, அதில் சிறிய சிம்பலை மாட்டுவார்கள். மிதிக்கும்போது முரசும் சிம்பலும் ஒருமித்து ஒலிக்கும். பேசாத சினிமாப் படங்களின் காலத்தில் மணி, மரக்கட்டை, பறவை ஒலி எழுப்பும் ஊதல் ஆகியவற்றையும் முரசின்மேல் பொருத்திக்கொண்டார்கள். படங்கள் பேசத் தொடங்கியதும் அவை தேவையற்றுப்போயின.

அந்தச் சிறு துளையோ இன்றைய புதிய டிரம்களிலும் உண்டு. தோலை அடிக்கையில் உள்ளிருக்கும் காற்று வெளியேற அது வழிவிடுகிறது. இவற்றைக் கேட்டபின் அந்தத் தம்பி ஒன்றையும் கழற்றவில்லை.

ஆயினும் எந்த ஆணியும் பிடியும் காட்டாத ஒரு பயன்பாடு பாஸ் டிரம்முக்கு இருந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1809ஆம் ஆண்டில் பெங்களூரு கண்டோன்மென்ட் அமைக்கப்பட்டபோது, படையோடு தமிழர் பலர் இங்கே வந்து குடியேறினார்கள். 1780இல் தோன்றி, இன்று அல்சூர் ஏரியருகே தலைமையிடம் கொண்டுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வீரர்களுக்குத் 'தம்பி' என்பதே செல்லப்பெயர். அந்நாட்களின் படை முரசுகளில் கயிறு கட்டி, தோல் பட்டைகளைக் கீழே இழுத்து இறுக்குவார்கள். ஆலயக் கட்டடம் இல்லாத போர்க்களத்தில் பிரிட்டிஷ் படையினர் முரசுகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி, அவற்றின்மேல் கொடியைப் போர்த்து, அதையே பீடமாக்கி ஜெபித்தார்கள்.

இரட்சணிய சேனையார் இதைவிட ஆழமான ஒன்றைச் செய்தார்கள். வில்லியம் பூத் 1865இல் கிழக்கு லண்டனின் ஏழைகள் நடுவே தொடங்கிய ஊழியம், 1878இல் அப்பெயரைப் பெற்றது. 1882 செப்டம்பர் 19 அன்று அவர்கள் பம்பாயில் வந்திறங்கினார்கள். நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனையினால் குமரி மாவட்டத்து வாசகர்கள் அவர்களை நன்கு அறிவார்கள். தெருமுனைக் கூட்டங்களில் அவர்களுடைய பெரிய முரசு முழங்கி ஜனங்களைக் கூட்டும். செய்தி முடிந்தபின் அந்த முரசைத் தரையில் படுக்க வைப்பார்கள். உள்ளம் உடைந்த பாவி, குடிகாரனானாலும் திருடனானாலும், வீதியின் நடுவிலே அதனருகே முழங்காற்படியிட்டு அழுவான். அழைத்த முரசே அவனுக்குப் பலிபீடமாயிற்று.

அன்பானவர்களே, மிரியாமின் கையிலும் தம்புரு இருந்தது. ஆகவே டிரம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. நம் முழக்கத்தைக் கேட்டு உள்ளே வருகிறவன் முழங்காற்படியிட இடம் இருக்கிறதா?

இந்நகரத்துக்குப் பிழைக்க வந்து விடுதி அறையில் தனித்திருக்கும் மகனும், ஊருக்கு அனுப்பும் பணத்துக்காக இரவும் பகலும் உழைத்துச் சோர்ந்த மகளும், குடியினால் வீட்டாரின் நம்பிக்கையை இழந்த தகப்பனும் நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். வாடகை மண்டபத்தில் நாற்காலிகள் மேடையை முட்டுகின்றன. மேடையிலோ வாத்தியங்களும் ஒயர்களும் நிறைந்திருக்கின்றன. அடுத்த கூட்டத்தார் வெளியே காத்திருக்கிறபடியால் கடைசி ஜெபமும் அவசரமாய் முடிகிறது. வந்தவர் கண்ணீரை விழுங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார்.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. முதல் வரிசை நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். ஒரு பாடலைக் குறைத்து, பத்து நிமிஷம் வாத்தியங்கள் அமர்ந்திருக்கட்டும். முழங்காற்படியிடுகிறவர் அருகில் மூத்த விசுவாசி ஒருவர் மௌனமாய் முழங்காற்படியிடட்டும். முரசு வேண்டாம் என்கிற பெரியவருக்கும் முரசை அடிக்கிற தம்பிக்கும் அங்கே ஒரே வேலை உண்டு.

நம்முடைய சத்தம் அழைக்கிற சத்தமாகவும், நம்முடைய கூடுகை தாங்குகிற இடமாகவும் இருக்கக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.