பனிமலையில் ஒரு சோடிப் பலகை

வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்குப் பனி என்பது பெரும்பாலும் புத்தகத்திற் படித்த பொருளேயாகும். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியைப் பனி என்கிறோம். அதற்கே காதைத் துணியாற் கட்டிக்கொண்டு புறப்படுகிறோம். மலையெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும் ஒரு நாட்டிலே, பிள்ளைகள் இரண்டு பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு சரிவிலே பாய்வதையும், ஆகாயத்திற் சுழன்று மீண்டும் பனியில் இறங்குவதையும் விளையாட்டாகக் கொண்டிருக்கிறார்கள். சென்ற சித்திரை விடுமுறையில் நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவுக்குச் சென்றிருந்தபோது, அத்தகைய பலகை ஒரு சோடி வாங்கும் முயற்சியில் நானும் பங்குகொள்ள நேர்ந்தது. சிறிய விஷயந்தான், ஆயினும் அதனால் நான் கற்றது சிறிதன்று.

என் அக்காவின் குடும்பம் ஒஸ்லோவின் வடகிழக்கே, தமிழர் பலர் வாழும் குரூருட் பள்ளத்தாக்கிலே மாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கிறது. அத்தான் 1980களின் இறுதியில் அந்நாட்டுக்குச் சென்றவர். வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையொன்றிற் சில ஆண்டுகள் குளிரில் நின்று உழைத்து, பின்னர் தலைநகர் வந்து சேர்ந்தவர். அவர்களுடைய ஒரே மகனுக்கு வயது 14. அவனுடைய அறைச் சுவரிலே, 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பனிப் பாய்ச்சலுக்குத் தங்கம் வென்ற நோர்வே வீரர் பிர்க் ரூட்டின் படம் ஒட்டியிருந்தது. அவனது கனவு அதுதான்.

நான் போய் இறங்கிய அன்றே வீட்டில் ஒரு மௌனப் போர் நடப்பதை உணர்ந்தேன். முந்திய ஆண்டு மருமகன் தன் தோழனொருவனின் பழைய பலகைகளை இரவல் வாங்கிச் சென்றிருக்கிறான். விழுந்தபோது பலகை காலை விட்டுக் கழன்றிருக்க வேண்டும், கழலவில்லை. முழங்கால் முறுகி, ஆறு வாரம் ஊன்றுகோலுடன் நடந்திருக்கிறான். “இனி உந்தப் பலகை இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது” என்று அக்கா தீர்ப்புக் கூறிவிட்டாள். அத்தானோ, “இந்த நாட்டில பிறந்த பிள்ளை. கூட்டாளிமார் எல்லாரும் மலைக்குப் போக, இவன் மட்டும் வீட்டில இருக்கிறதோ?” என்று தமக்குள்ளே முணுமுணுப்பார். அவர் அதற்கென்று 4,000 குரோனர் சேர்த்து வைத்திருந்தார். கடையில் ஒரு புதிய சோடிப் பலகைக்கே அது போதாது.

மறுநாள் மருமகன் என்னை மலைக்கு அழைத்துச் சென்றான். நகர நடுவில் வண்டி மாறி, முதலாம் இலக்கப் பாதையில் ஏறினோம். அந்த ரெயில் வீடுகளையும் ஊசியிலை மரங்களையும் கடந்து மலைமேல் வளைந்து வளைந்து ஏறுகிறது. அதன் கடைசி நிலையம் கடல் மட்டத்துக்கு 469 மீற்றர் உயரத்தில் உள்ளது. பலகைகளைத் தோளிற் சாத்திய பிள்ளைகளும், முதியோரும், கைக்குழந்தையுடன் தாய்மாரும் அதிலே நெருங்கி நின்றனர். நம்மூர்த் திருவிழாவுக்குப் போகும் வண்டியில் ஏறியது போலிருந்தது.

வழியில் ஹொல்மன்கொல்லனில் இறங்கி, அங்குள்ள சறுக்குப்பலகை அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். 1923இல் திறக்கப்பட்ட அது, இவ்வகையில் உலகிலேயே மிகப் பழையது. ‘ஸ்கீ’ என்ற சொல்லே பிளந்த மரத்துண்டு என்னும் பொருளுடைய பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்ததாம். டெலமார்க் பகுதியின் மோர்கெடால் கிராமத்தில் 1825இற் பிறந்த சொன்ட்ரே நூர்ஹைம் என்பவரை இவ்விளையாட்டின் தந்தை என்று போற்றுகிறார்கள். அவர் நிலமற்ற ஏழைக் குடியானவர். பலகையின் நடுப்பகுதியை ஒடுக்கி, குதிகாலையும் சேர்த்துப் பிணைக்கும் கட்டை அமைத்து, 1868இல் தலைநகரில் நடந்த போட்டியில் நகரத்தாரை வியக்கச் செய்தார். கையிற் காசில்லாத ஒருவர், தம் காலுக்கும் தம் மலைக்கும் எது பொருந்தும் என்று சிந்தித்துத் தாமே செதுக்கிய பலகையிலிருந்தே இக்கலை கிளைத்தது. இதை நினைந்தபோது அத்தானின் 4,000 குரோனர் எனக்கு அவ்வளவு சிறிய தொகையாகத் தோன்றவில்லை.

பின்னர் திரிவான் என்னும் சறுக்குமலைக்குச் சென்றோம். 2012இல் பனிப்பலகை உலகப் போட்டிகள் நடந்த இடம் அது. கீழே ஒஸ்லோ நகரமும் கடற்கழியும் நீலமாய்த் தெரிந்தன. சரிவின் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, பனியாற் பாய்ச்சல் மேடுகள் கட்டி, இரும்புக் குழாய்களும் பெட்டிகளும் பதித்திருந்தார்கள். இதனைப் ‘பார்க்’ என்கிறார்கள். பிள்ளைகள் முன்னோக்கி வந்து பாய்ந்து, பின்னோக்கி இறங்கிச் சென்றனர். இதற்கான பலகை மற்றவற்றினின்றும் வேறுபட்டது: முன்முனை மட்டுமன்றிப் பின்முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். கனடாவின் மைக் டக்ளஸ் முதலியோரின் யோசனையைக் கேட்டு, பிரான்சின் சலமோன் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘டென் எய்ட்டி’ என்னும் பலகைக்குப் பின்னரே இவ்வகை உலகெங்கும் பரவியது. பின்முனை தட்டையாயிருந்தால் பின்னோக்கி வரும்போது பனியிற் குத்தி ஆளை வீழ்த்திவிடும் அன்றோ?

மருமகன் ஒரு மூலையில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்த பின்பு எனக்கு மலைக்காட்சி தோன்றவில்லை. அன்றிரவு அக்காவிடம் பேசினேன். “பலகை வேண்டாம் என்று சொல்லுமுன், பிழை எங்கே நடந்தது என்று அறிந்தவரிடம் கேட்போம், நீயும் வா” என்றேன். நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் “சரி” என்றாள்.

மறுநாள் நால்வருமாகப் பழைய விளையாட்டுப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குச் சென்றோம். பனிக்காலம் முடியும் தறுவாயாதலின் பலகைகள் மலிவாக இருந்தன. பட்டறையில் நின்ற முதியவர் பொறுமைசாலி. அவர் சொன்னவற்றை, பிள்ளைகளை வெளிநாடுகளில் வளர்க்கும் பெற்றோர்க்குப் பயன்படும் என எண்ணி இங்கே தருகிறேன்.

முதலாவது நீளம். அத்தானின் கை 171 சென்றிமீற்றர்ப் பலகையொன்றை நாடியது. “வளருற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா எடுப்பம்” என்றார். பள்ளிக்கூடச் சட்டையை இரண்டு ஆண்டுக்குப் போதுமாறு தைப்பிக்கும் நம்மவர் வழக்கம் அது! முதியவர் சிரித்துத் தலையசைத்தார். பார்க்கிற்குப் புதியவனுக்குப் பலகையின் உயரம் நாடிக்கும் உச்சந்தலைக்கும் இடையில் இருப்பது நன்று. மிக நீண்டதைத் திருப்புவதற்கே அவன் பலமெல்லாம் போய்விடும். 160 சென்றிமீற்றர் உயரமுள்ள மருமகனுக்கு, வளர்ச்சியையும் எண்ணி, 159 சென்றிமீற்றர்ப் பலகையைத் தேர்ந்தார். நடுவகலம் 85 மில்லிமீற்றர். மிகக் கடினமாயுமின்றி மிக நெகிழ்வாயுமின்றி வளைவது. நான்கு ஆண்டுப் பழையது. மேற்பரப்புச் சித்திரம் உரிந்திருந்தது. “சித்திரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்” என்றார்.

இரண்டாவது சோதனை. அடிப்பரப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்து, வளைந்து கோணியுள்ளதா எனப் பார்த்தார். மேலோட்டமான கீறல்களை உருக்கிய பிளாஸ்ரிக்கால் நிரப்பிவிடலாம். உள்ளே மரம் தெரியும் அளவுக்குக் காயம் இருந்தால், நீர் புகுந்து பலகை உக்கிப்போகும். உருக்கு விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருப்பது இரும்புக் குழாயிற் சறுக்கிய பலகைக்கு இயல்பு. விளிம்பு பெயர்ந்து வெளியே நின்றால் வாங்கலாகாது. முனைகளை அழுத்தி, அடுக்குகள் பிரிகின்றனவா என்றும் கவனித்தார். பிணைப்பு பூட்டுதற்கு எத்தனை முறை துளையிட்டிருக்கிறார்கள் என்று எண்ணினார். பல முறை துளைத்த பலகை பிணைப்பைப் பற்றி நிற்காது.

மூன்றாவது பிணைப்பு. மருமகனின் முழங்கால் முறுகிய காரணம் இங்கேதான் வெளிப்பட்டது. விழும்போது சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டிய விசையின் அளவு ஓர் எண்ணாற் குறிக்கப்படுகிறது. உடல் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்குபவனின் தேர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு அதனைக் கணிக்கிறார்கள். பாரமான ஒருவனுக்கு இறுக்கிய பிணைப்பு மெலிந்த சிறுவனின் காலை விடாது. இரவல் பலகையில் அதை ஒருவரும் மாற்றவில்லை. “பலகை குற்றவாளியல்ல” என்றார் முதியவர். தயாரிப்பாளர் ஆதரவு நிறுத்திய மிகப் பழைய பிணைப்புகளைப் பட்டறைகள் தொடுவதில்லை என்றும், ஆகையால் வாங்குமுன் பட்டறையிற் காட்ட வேண்டும் என்றும் கூறினார். நாங்கள் எடுத்ததில் இருந்தது அண்மைக் காலத்துப் பிணைப்பு. நடுவுக்குச் சற்றே பின்னால் பூட்டப்பட்டிருந்தது. பின்னோக்கிச் செல்லவும் சாதாரணச் சரிவில் இறங்கவும் அது பொருந்தும்.

அளவு குறிக்கும் தாளை எடுத்து, “தம்பி, நீ எப்படிச் சறுக்குபவன்? மெதுவாகவா, நடுத்தரமாகவா, வேகமாகவா?” என்று நோர்வேஜிய மொழியில் முதியவர் கேட்டார். தேர்ச்சியைக் கூட்டிச் சொன்னால் எண்ணும் கூடும், பிணைப்பும் இறுகும். மருமகன் தந்தையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். கடையில் அவனுடைய பாடசாலைத் தோழர் இருவரும் நின்றிருந்தனர். அவன் காது சிவந்தது. பின்பு தெளிவாகச் சொன்னான்: “மெதுவாக. நான் இன்னும் பழகுகிறேன்.” அக்காவுக்கும் அம்மொழி தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, தலைக்கவசம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

தலைக்கவசத்தைப் பழையதாக வாங்கலாகாது. முன்பு பட்ட அடி வெளியே தெரியாது. ஆகவே அதனைப் புதிதாக 600 குரோனருக்கு வாங்கினோம். பலகையும் பிணைப்பும் 1,300. சோதித்துச் சீர்செய்து விளிம்பைச் சற்றே மழுக்க 400. எஞ்சிய 1,700ஐச் சப்பாத்துக்கென ஒதுக்கினோம். அதை அன்றே வாங்க வேண்டாம் என்றார் முதியவர். பலகை அடுத்த பனிக்காலம் வரை வளராது. பிள்ளையின் கால் வளரும். பலகையில் மிச்சம் பிடிக்கலாம், சப்பாத்தில் மிச்சம் பிடிக்கலாகாது. காலைப் பற்றாத சப்பாத்து நல்ல பலகையையும் கெடுத்துவிடும் என்பது அவர் வாக்கு. அதுவரை, பழைய சப்பாத்துக்கு ஏற்பப் பிணைப்பைப் பொருத்தித் தந்து, புதியது வாங்கியதும் மீண்டும் கொண்டுவரச் சொன்னார். பணமேயில்லாத பிள்ளைகளுக்கு ‘புவா’ என்னும் நிலையங்களில் இத்தகைய பொருள்களை இலவசமாக இரவல் கொடுக்கிறார்கள் என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் எல்லோரும் திரிவானுக்குச் சென்றோம். மருமகன் பெரிய மேடுகளின் பக்கம் போகவில்லை. பனியோடு பனியாய்ப் பதிந்திருந்த மிகத் தாழ்ந்த பெட்டியொன்றின் மேல் ஏறிச் சறுக்கினான். மூன்றாம் முறை விழுந்தான். விழுந்த கணமே ஒரு பலகை ‘டக்’கெனக் கழன்று தனியே கிடந்தது. அக்கா என் கையை இறுகப் பற்றியிருந்தாள். அவன் எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, பலகையை மீண்டும் பூட்டினான். அவள் பிடி மெல்லத் தளர்ந்தது.

ஐப்பசியில் அக்காவின் கடிதம் வந்தது. மருமகனின் கால் ஓர் அளவு வளர்ந்துவிட்டதாம். சப்பாத்து வாங்க அத்தானுடன் தானும் போனாளாம். இந்த முறை அளவுத்தாளில் ‘நடுத்தரம்’ என்று எழுதலாமா என்று மகன் தன்னைக் கேட்டதாகவும், அடுத்த மாரிக்கு அதைப் பார்ப்போம் என்று தான் சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.