பாட்டியின் கண்ணும் தேய்மானக் கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்குக் கண்ணைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்காதீர்கள் நண்பர்களே. தப்பு செய்தவன் என்ற தகுதிதான்.

போன வருடம் ஒருநாள் பாட்டி, "வாசல் நிலை வளைஞ்சு தெரியுதுடா" என்றாள். "நான் பாத்துக்கறேன் பாட்டி" என்று இணையத்தில் தேடினேன். பில்பெர்ரி என்று ஒரு கருநீலப் பழம். ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்ததாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் அதன் ஜாமைத் தின்றுவிட்டு இருட்டில் குறி தப்பாமல் குண்டு போட்டார்களாம். சேர்த்து வைத்த காசில் அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். பெருமை வேறு!

இரண்டு மாதம் கழித்துத்தான் கண் டாக்டரிடம் போனோம். வலது கண்ணில் விழித்திரையின் நடுவே ரத்தக் கசிவு. வயதால் வரும் மாக்குலர் டீஜெனரேஷன். "கோடு வளைஞ்சு தெரிஞ்ச அன்னிக்கே வந்திருக்கணும். சீக்கிரம் ஊசி போட்டா பார்வையை இன்னும் நல்லா காப்பாத்தலாம்" என்றார். பாட்டி என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. வரும் வழியில், "நீ ஆசையா வாங்கிக் குடுத்ததுதானேடா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். உடம்பிலேயே அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் இடங்களில் விழித்திரையும் ஒன்று. அதோடு வெளிச்சமும் சேர, செல்களை அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகின்றன. லூட்டின், சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள் அதைத் தடுக்க உதவுகின்றன. இவற்றை உடம்பு தானாகத் தயாரிக்காது. கீரை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள் கருவிலிருந்துதான் வர வேண்டும். வைட்டமின் சி-க்கு நம்ம ஊர் கொய்யாவும் நெல்லிக்காயுமே போதும்.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 2001-ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த மாத்திரையால், நோய் ஓரளவு வளர்ந்தவர்களுக்கு அது முற்றும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. போன பார்வை திரும்பவில்லை. பீட்டா கரோட்டின் புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால், 2013-ல் வந்த அடுத்த ஆய்வுக்குப் பின் அதன் இடத்தில் லூட்டினும் சியாசாந்தினும் வந்தன. பில்பெர்ரி இரண்டிலும் இல்லை. விமானிகள் கதையை நம்பிச் செய்த சோதனைகளை 2004-ல் அலசியவர்களுக்கும், இரவுப் பார்வை கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

நம்ம அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், பழமும் கீரையும் பராமரிப்புச் செலவு. தேய்மானத்தை மெதுவாக்கலாம். உடைந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஓட்ட முடியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டம் போட்ட தாளைப் பாட்டியிடம் நீட்டுவேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். "எல்லாம் நேராத்தான்டா இருக்கு" என்று சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது. பிறகு இரண்டு பேரும் கொய்யாப் பழம் சாப்பிடுவோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றைக்கே, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்து தெரிந்தால் கூகுளுக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.