விசாக் காசைக் கேட்கும் முறை

ஐக்கிய நாடுகளின் உலகத் தரவு மன்றம் 2018 அக்டோபர் 22 முதல் 24 வரை துபாயின் மதீனத் ஜுமேராவில் கூடியது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் வந்திருந்தார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகங்கள், ஐ.நா. அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் வளர்ச்சித் தரவைப் பற்றிப் பேசும் இடம் அது. அங்கிருந்து டாக்ஸியில் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் போய், மெட்ரோ ஏறி, வழியில் பச்சைத் தடத்துக்கு மாறினால் துபாயின் பழைய பகுதியான தேராவின் பனியாஸ் சதுக்கம் வந்துவிடும். மேடையில் காட்டப்படும் புலம்பெயர்வு எண்கள் பிறக்கும் இடம் இதுபோன்ற பகுதிகள்தான்: படுக்கையை மட்டும் வாடகைக்கு விடும் நைஃபின் பெட் ஸ்பேஸ் அறைகள், சப்காவின் மெஸ்கள், மாதக் கடைசியில் வரிசை நீளும் எக்ஸ்சேஞ்ச் வாசல்கள். அறையில் தொடங்கி மேடையில் முடியும் இந்த வேலை ஒரு தனித் தொழில். அதற்கென்று நுணுக்கமும் ஒழுங்கும் உண்டு. அந்த ஒழுங்கு இப்போது தளர்ந்து வருவதால் அதை வரிசையாக எழுதிவைப்பது அவசியமாகிறது.

மன்றத்தின் பின்னணி சுருக்கமானது. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்குள் 169 உள்இலக்குகள் உண்டு. அவற்றை அளக்க 2017 ஜூலையில் பொதுச்சபை ஏற்ற பட்டியலில் 232 தனித்த குறிகாட்டிகள் இருந்தன. அவற்றை நிரப்பத் தரவு வேண்டும், தரவுக்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பதற்காகவே இந்த மன்றம் தொடங்கியது. முதல் கூட்டம் 2017 ஜனவரியில் கேப் டவுனில் நடந்தது. துபாய்க்குப் பிறகு 2021இல் பெர்ன், 2023இல் ஹாங்சோ, 2024இல் மெதெயின் என்று அது நகர்ந்தது. கேப் டவுன் ஒரு செயல்திட்டத்தைத் தந்தது. அதை நிறைவேற்ற நிதி திரட்டும் வழியைக் கேட்டது துபாய்ப் பிரகடனம்.

வளைகுடாத் தமிழருக்கு நேரடியாகத் தொடர்புள்ள குறிகாட்டிகள் இரண்டு. 10.சி.1 ஊருக்குப் பணம் அனுப்பும் செலவை அளக்கிறது. அனுப்பும் தொகையில் அது 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழ் வர வேண்டும் என்பது இலக்கு. இதை அளப்பது ஓரளவு எளிது. எக்ஸ்சேஞ்சின் கட்டணமும், அது தரும் விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் உள்ள இடைவெளியும் தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும். வங்கியைத் தவிர்த்து உண்டியலில் போகும் பணம் மட்டும் எந்தப் பலகையிலும் ஏறாது. அடுத்தது 10.7.1. வெளிநாட்டு வேலைக்காகத் தொழிலாளி தன் கையிலிருந்து செய்த செலவை, போன நாட்டில் முதல் மாதம் சம்பாதித்த தொகையால் வகுத்தால் வருவது. ஒருவர் 96,000 ரூபாய் செலவழித்து, முதல் மாதம் 24,000 ரூபாய்க்குச் சமமான திர்ஹம் வாங்கினால் விடை 4. அதாவது அந்த மனிதர் நான்கு மாதம் விசாவுக்காகவே உழைத்திருக்கிறார். 2017இல் இது, அளக்கும் முறை இன்னும் வகுக்கப்படாத குறிகாட்டிகளுக்கான மூன்றாம் அடுக்கில் இருந்தது. ஐஎல்ஓவும் உலக வங்கியும் சேர்ந்து இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது 2019இல்.

சூத்திரத்தைப் பார்த்தால் பள்ளிக்கூட வகுத்தல் கணக்கு. தொழிலின் முழுக் கடினமும் தொகுதியில், அதாவது அந்த 96,000 என்ற எண்ணைப் பெறுவதில் இருக்கிறது. "விசாவுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்று நேராகக் கேட்டவருக்கு உண்மையான பதில் கிடைப்பது அரிது. அதற்குக் காரணங்கள் பல.

முதல் காரணம் சட்டம். ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது எமிரேட்ஸ் சட்டம். அதைத் தொழிலாளி அறிந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சுகிறார். இந்தியாவிலோ பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. ரசீது அந்தத் தொகைக்கே எழுதப்படும். மிச்சம் கைக்குக் கை போகும். ஆகவே ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுகிற கவனமான கணக்கெடுப்பாளர்தான் அதிகமாக ஏமாறுகிறார். அவர் கையில் ஆவணம் இருக்கிறது, ஆவணத்தில் உண்மை இல்லை.

இரண்டாவது உறவு. விசா வாங்கித் தந்தவர் மாமாவாகவோ மச்சானாகவோ வெளிநாட்டில் சம்பாதிக்கும் பக்கத்துத் தெரு சபுராளியாகவோ இருப்பார். கீழக்கரைக்காரர் ஒருவர் தனக்கு வழி காட்டிய காக்காவைக் காட்டிக்கொடுக்கும் எண்ணைச் சொல்லமாட்டார். மூன்றாவது மானம். பக்கத்துப் படுக்கைக்காரர் குறைவாகக் கொடுத்து வந்திருந்தால், இவர் தானும் அவ்வளவே கொடுத்ததாகச் சொல்வார். நான்காவது சொல். "ஃப்ரீ விசா" என்பது விசா தந்த கஃபீலிடம் வேலை செய்யாமல் வெளியே வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு. அதற்குப் பெரும் தொகை கொடுத்தவரும் படிவத்தின் முன் "ஃப்ரீ" என்றே சொல்வார். அனுபவமில்லாத கை அங்கே பூஜ்யம் எழுதிவிடும்.

இந்தச் சுவரைத் தாண்டும் வழி ஒன்றுதான்: தொகையைக் கேட்காமல் பயணத்தைக் கேட்பது. "அண்ணே, ஊர்லருந்து கிளம்பறப்ப நகை எதுவும் வெச்சீங்களா?" என்று தொடங்கினால் கதை தானாக வரும். எத்தனை பவுன், எந்த ஊர் அடகுக்கடை, மீட்டாயிற்றா, மூழ்கிவிட்டதா என்பதெல்லாம் அவருக்கு மறக்காது. ஏஜென்டுக்குக் கொடுத்ததை மறைப்பவர்கூட மனைவியின் சங்கிலியை மறைப்பதில்லை. அதன் பிறகு பாஸ்போர்ட், மெடிக்கல், இன்டர்வியூவுக்காகச் சென்னையிலோ மும்பையிலோ தங்கிய லாட்ஜ், டிக்கெட் என்று ஒவ்வொரு படியாக ஏறினால் முதலில் சொன்ன தொகையைவிடப் பெரிய தொகை சேரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடமே மெதுவாகக் காட்ட வேண்டும். அப்போது பெரும்பாலானோர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரியான தொகையைச் சொல்லிவிடுவார்கள். கடனின் அசலையும் வட்டியையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். இத்தனைக்கும் நாற்பது நிமிடமாவது ஆகும்.

விசிட் விசாவில் வந்து தேராவில் வேலை தேடியவரின் கணக்கு இன்னும் நீளும். இரண்டு மூன்று மாதப் பெட் ஸ்பேஸ் வாடகை, மெஸ் காசு, விசா காலாவதி நெருங்கியபோது அதைப் புதுப்பிக்கக் கிஷ் தீவுக்குப் போய்த் திரும்பிய செலவு எல்லாம் வேலைக்காகச் செய்தவைதான். இவர் இந்திய அரசின் இமைக்ரேட் பதிவில் வருவதில்லை. அரசுப் பதிவேட்டை மட்டும் நம்பி எழுதப்படும் அறிக்கைகளில் இப்படி ஒரு மனிதரே கிடையாது.

சூத்திரத்தில் வகுக்கும் எண்ணாக, அதாவது பகுதியாக வரும் சம்பளத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ளது வேறு, கைக்கு வந்தது வேறு. 2009இல் எமிரேட்ஸ் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்த பிறகு சம்பளம் வங்கி வழியாக வருகிறது. அதனால் "முதல் மாசம் கார்டுல எவ்வளவு எடுத்தீங்க?" என்ற கேள்வி "சம்பளம் எவ்வளவு?" என்பதைவிட நல்ல பதிலைத் தரும். ஓவர்டைம் சேர்ந்ததா, மெஸ்ஸுக்குப் பிடித்தார்களா என்று அடுத்துக் கேட்கலாம். ரூபாயைத் திர்ஹமாக மாற்றும்போது, பணம் கொடுத்த மாதத்தின் விகிதத்தையே எடுக்க வேண்டும். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. ரூபாய் அப்படி நிற்பதில்லை. 2013இல் சில மாதங்களுக்குள் அது கண்ட வீழ்ச்சியைக் கவனிக்காமல் வகுத்தால் விடை ஒரு மாதச் சம்பளம் அளவுக்குத் தவறக்கூடும்.

கேள்விக்கு அடுத்த சிக்கல் யாரைக் கேட்பது என்பது. இந்தியக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்வோர். நைஃபின் ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தால் நாலு பேர் மெஸ்ஸில் சாப்பிடுவார்கள், மூன்று பேர் முறை வைத்துச் சமைப்பார்கள், ஒருவர் ஹோட்டல். அது ஒரு குடும்பமா, மூன்றா, ஆறா? ஒரே படுக்கையை நைட் டூட்டிக்காரரும் பகல் டூட்டிக்காரரும் மாறி மாறிப் பயன்படுத்துவதும் உண்டு. கதவைத் தட்டிய நேரத்தைப் பொறுத்து ஒருவர் இருப்பார், இன்னொருவர் இல்லாமல் போவார். எமிரேட்ஸின் கடைசிப் பாரம்பரியக் கணக்கெடுப்பு 2005இல் நடந்தது. அதன் பிறகு எண்ணிக்கை பதிவேடுகளைச் சார்ந்திருக்கிறது. பதிவேட்டு முகவரியும் படுக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே தேராவில் மாதிரிச் சட்டகம் வீட்டை அலகாகக் கொள்ளக் கூடாது. படுக்கையை அலகாகக் கொண்டு, ஒவ்வொரு படுக்கைக்கும் எத்தனை ஆள் என்று எழுத வேண்டும். விடுமுறை நாளில் சதுக்கத்தில் கூடும் கூட்டத்தில் படிவம் நிரப்புவது சுலபம். ஆனால் அன்று டூட்டியில் இருப்பவரும், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் காசு மிச்சம் பிடிக்க வராதவரும் அதில் விட்டுப்போவார்கள். செலவும் கடனும் அதிகமுள்ளவர் அவர்களே.

ஊரில் எடுக்கும் ஆய்வு இதற்குத் துணை. 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பணியைத் திரும்பச் செய்துவருகிறது. தமிழ்நாட்டில் 2015இல் 20,000 குடும்பங்களில் இருதய ராஜனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு, வெளிநாடு போனவர்களை ஏறத்தாழ 22 லட்சம் என்று கணித்தது. கேரளத்தைப் போல அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து நடத்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு ஆண்டின் எண்ணைக் கொண்டு போக்கைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டைப் பற்றி மேடையில் ஒப்பீட்டுக் கேள்வி வரும்போது தமிழ்நாட்டுக்காரர் மௌனமாக இருக்க நேர்வது இதனால்தான்.

சரிபார்ப்பு இந்தத் தொழிலின் மனசாட்சி. வங்காளத்துச் சணல் வயல்களை அளக்கப் போன புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களிலேயே அதற்கு வழி கண்டார். ஒரே பகுதியிலிருந்து ஒன்றுக்கொன்று சார்பற்ற இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டு வேறு குழுக்களிடம் கொடுத்து, விடைகளை ஒப்பிடுவது. விடைகள் ஒத்துவராவிட்டால் தவறு வயலில் இல்லை, ஆளில் இருக்கிறது. 1940களின் இறுதியில் ஐ.நா.வின் மாதிரியாய்வுத் துணைக்குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். பெட் ஸ்பேஸ் அறைகளிலும் இதைச் செய்யலாம். செய்தால், படியாகக் கேட்ட குழுவுக்கும் நேராகக் கேட்ட குழுவுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகே மாநாடு. கூட்டத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே அமர்வுக்கான முன்மொழிவு கேட்கப்படும். துபாயில் ஆறு கருப்பொருள்கள் இருந்தன. அவற்றில் யாரையும் விட்டுவிடாமை என்பதே புலம்பெயர்ந்தோர் தரவுக்குப் பொருந்தும் இடம். முன்மொழிவில் ஒரு நாட்டின் குரல் மட்டும் இருந்தால் எடுபடாது. தொழிலாளியை அனுப்பும் நாடும் பெறும் நாடும், அரசும் ஆய்வாளரும் சேர்ந்திருக்க வேண்டும். மேடையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் சராசரி, இடைநிலை அளவு, அவை எடுக்கப்பட்ட முறை, அவை எங்கே தவறக்கூடும் என்ற நான்கையும் சொல்லிவிட வேண்டும். சராசரியை மட்டும் காட்டுவது பிழை. கம்பெனி விசாவில் செலவே இல்லாமல் வந்த சிலர் சராசரியை இழுத்துக் கீழே போடுவார்கள். நகையை மூழ்கவிட்டவர் அந்த எண்ணுக்குள் காணாமல் போவார். கேள்வி நேரத்தில் "எப்படிக் கேட்டீர்கள்?" என்று ஒருவர் எழுந்தால், கேள்வித்தாளின் தமிழ் வாசகத்தையே அப்படியே எடுத்துக் காட்டும் தயார்நிலை வேண்டும்.

இன்று நடப்பது வேறு. நாற்பது நிமிட நேர்காணல் போனில் ஐந்து நிமிடமாகிவிட்டது. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறாரா என்பது போனில் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்ட படிவத்துக்கு வந்த பதில்கள் "வளைகுடாத் தொழிலாளர் ஆய்வு" என்ற தலைப்போடு மேடை ஏறுகின்றன. விடுபட்ட கட்டங்களை மென்பொருள் நிரப்பித் தருகிறது, அப்படி நிரப்பியது எவ்வளவு என்று ஸ்லைடில் அடிக்குறிப்புகூட இல்லை. எண்களைக் காட்டும் வண்ணப் பலகைகள் அழகாகியிருக்கின்றன. கேள்வித்தாளை முழுதாக வாசித்தவர் அரங்கில் குறைந்துவிட்டார்கள். அறை அறையாக ஏறி இறங்கிய தமிழ்க் கணக்கெடுப்பாளரின் பெயர் நன்றிப் பட்டியலின் கடைசி வரியில் "மொழிபெயர்ப்பு உதவி" என்று வந்தால் அதுவே பெரிது. சங்கிலியைப் பற்றிக் கேட்கத் தெரிந்தது மொழிபெயர்ப்பு ஆகாது. அந்த எண்ணை உண்டாக்கிய அறிவு அது.

போன் ஆய்வுக்கும் பதிவேட்டுக்கும் இடம் உண்டு. நேரில் எடுத்த ஒரு சிறு மாதிரியால் அவற்றைச் சரிபார்த்து, வித்தியாசத்தை வெளியிட்டால் அவை பயனுள்ளவை. சரிபார்க்காத எண் தொழிலாளிக்குக் கேடு செய்யும். விசாக் காசு குறைத்துச் சொல்லப்பட்டால், பிரச்சினையே இல்லை என்று ஆட்சியாளருக்குத் தோன்றும்.

ஆறாவது மன்றத்தை நடத்த ரியாத் தேர்வாகியிருக்கிறது. தமிழர் பெருந்தொகையாக உழைக்கும் வளைகுடாவுக்கு மன்றம் மீண்டும் வருகிறது. அங்கே பேச விரும்பும் இளையவர்கள் ஸ்லைடைத் திறக்குமுன் ஓர் அறைக்குப் போய், ஒரு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒருவரின் கதையை முழுதாகக் கேட்டு எழுத வேண்டும். அறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அனுமதியோடும் அடையாள அட்டையோடும் வந்து, பெயரைக் கேட்காமல் தொகையைக் கேட்பவரிடம் உண்மையான தொகையைச் சொல்லுங்கள். அடுத்து விமானம் ஏறப்போகும் தம்பி எவ்வளவு கொடுக்க நேரும் என்பதில் அந்தப் பதிலுக்கும் பங்கு இருக்கிறது.